முன்னைக்குப் பரவாயில்லை

அந்த வீட்டின் முன்னறையில் ஒரே ஒரு பதில்தான் புழக்கத்தில் இருந்தது. "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டால், "முன்னைக்குப் பரவாயில்லை" என்று சொல்லிவிட வேண்டும். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. முதல் தடவை வருகிறவர்கள், பெஞ்சில் காத்திருக்கும் நேரத்திலேயே, தங்களுக்கு முன்னால் அழைக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டுப் பழகிக்கொண்டார்கள். மூட்டுவலிக்காரர் சுவரைப் பிடித்தபடி எழுந்து, நொண்டிக்கொண்டே போய்ப் பரவாயில்லை என்பார். இருமல்காரர் இரண்டு இருமலுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் பரவாயில்லை என்பார். சொன்னதும் டாக்டரின் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காகவே இன்னொரு முறை சொல்லலாம்போல் இருக்கும்.

பயத்தால் வந்த பழக்கம் அல்ல அது. டாக்டர் அதிர்ந்து பேசாதவர். ஹோமியோபதியைத் தவிர வேறு நினைப்பில்லாதவர். பெரிய ஆஸ்பத்திரிகளில் யாரும் கேட்காத கேள்விகளை அவர் கேட்டார்: எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது, தண்ணீரை மடமடவென்று குடிக்கிறீர்களா மிடறு மிடறாகவா, தனியாக இருந்தால் மனம் கனக்கிறதா. கேட்டதை மறக்கவும் மாட்டார். போன மழைக்காலத்தில் ஒருவர் போகிறபோக்கில் சொன்ன கெட்ட கனவை அடுத்த கோடையில் நினைவாக விசாரிப்பார். அப்படிக் காது கொடுத்துக் கேட்ட மனிதரிடம் "உங்க மருந்து கேக்கலை" என்று சொல்வது முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆகவே அத்தனை நோயாளிகளும் சேர்ந்து தங்கள் வைத்தியரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள்ளும் அதே நடைமுறைதான். அவருக்கு மருந்துப் பொட்டலம் மடித்துக் கொடுக்கும் மனைவி, தன் ரத்த அழுத்த மாத்திரைகளைத் தையல் மிஷினின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருந்தாள். மகன் காய்ச்சல் வந்தால் வேலை செய்யும் அச்சகத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வந்து, அப்பா தரும் சர்க்கரை உருண்டைகளையும் சமர்த்தாக நாக்கில் போட்டுக்கொள்வான். மருமகள் தலைவலி மாத்திரையைக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்திருந்தாள். ஒருவர் ஒளித்துவைத்திருப்பது மற்றவருக்குத் தெரியும். தெரியும் என்பதும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை.

மருமகளின் முகம் கோணிய நாள்வரை இந்த ஏற்பாட்டால் யாருக்கும் பெரிய சேதம் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

அவள் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவள். கடைத்தெருவில் ஒரு கடிகாரக் கடையின் பின்னறையில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, மடியில் விரித்துக்கொள்ள ஒரு வெள்ளைத் துணி. தவறி விழும் திருகு தரைக்குப் போய்விடாமல் இருக்கத்தான் அந்தத் துணி. கறுப்புக் குழல்போன்ற லென்ஸை வலது கண் குழியில் பொருத்தி, புருவத்துக்கும் கன்னத்துக்கும் இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்தால், மதியச் சாப்பாட்டு நேரம்வரை அது அசையாது. மற்றவர்கள் லென்ஸைக் கம்பி வளையத்தில் கோத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். அவளுக்கு அது தேவைப்பட்டதில்லை. இடது கண்ணில் பிறவியிலேயே பார்வை மங்கல். வலது கண்தான் அவளுடைய தொழில், சம்பளம், மரியாதை எல்லாம். பின்னறையில் அவளுக்கு 'ஒத்தைக்கண்ணு' என்று பெயர். அதை அவள் பட்டம்போலவே ஏற்றுக்கொண்டிருந்தாள்.

அன்று காலை, பெண்கள் கட்டும் சின்னக் கடிகாரம் ஒன்றின் மூடியைத் திறந்துவிட்டு லென்ஸைக் கண்ணில் வைத்தாள். அது மடியில் விழுந்தது. துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

அடுத்த மேசையில் கடிகாரங்களுக்குப் பட்டை மாற்றுகிறவர் திரும்பாமலே சிரித்தார். "என்ன ஒத்தைக்கண்ணு, காலையிலேயே கை நடுங்குது?"

"கை இல்லண்ணே. லென்ஸ் நிக்க மாட்டேங்குது."

"மூஞ்சில கிரீம் அதிகமாயிருக்கும். ராணி மாதிரி பூசிக்கிட்டு வந்தா லென்ஸ் எங்க நிக்கும்?"

"போங்கண்ணே" என்று அவள் சிரித்தாள். பட்டைக்காரர் அப்போதுதான் திரும்பினார். கையிலிருந்த ஊசியை மெதுவாக மேசையில் வைத்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கம் திரும்பு. சிரி பாக்கலாம்."

"சிரிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."

அவர் பழுதுக்கு வந்திருந்த பெரிய சுவர்க் கடிகாரத்தைத் தூக்கி அவள் முன்னால் பிடித்தார். அதன் கண்ணாடியில் தெரிந்த முகத்தில் இடது பாதி சிரித்துக்கொண்டிருந்தது. வலது பாதி, அந்தச் செய்தி தனக்கு வந்து சேராததுபோல், தொங்கிக்கொண்டிருந்தது. வாயின் ஓரம் கீழே இறங்கியிருந்தது. கண்ணை மூடிப் பார்த்தாள். ஒன்று மூடிக்கொண்டது, மற்றது அகலத் திறந்தபடி, அவள் மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எந்திரிம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் வண்டிய எடுக்கறேன்."

"வீட்ல மாமா இருக்காரு..." என்றாள். இருக்கிறார் என்பதைத் தகவலாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குள்ளேயே முடிவும் இருந்தது. பட்டைக்காரரும் டாக்டரிடம் முதுகுவலிக்கு மருந்து சாப்பிடுகிறவர்தான். வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

கணவனுக்குப் போன் செய்தாள். அச்சு இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து அவன் கத்தினான். "கை கால் நல்லா இருக்கா? பேச வருதா? அப்பாடா... இங்க பாரு, முதல்ல அப்பாகிட்ட காட்டிடு. அவருக்குச் சொல்லாம வேற எங்கயாவது போனோம்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சுபோயிடுவாரு."

டாக்டர் பதறவில்லை. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"புருவத்தை மேல தூக்கும்மா."

இடது நெற்றியில் கோடுகள் விழுந்தன. வலது நெற்றி இஸ்திரி போட்ட துணிபோல் கிடந்தது. அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், தன் விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னார்.

"மூளை இல்லம்மா, பயப்படாதே. மூளையில அடைப்புன்னா பெரும்பாலும் நெத்தி அசையும். இது முகத்துக்கு வர்ற நரம்பு. காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள ஒரு குறுகலான சந்து வழியா வருது. அங்க வீங்கிடுச்சுன்னா நசுங்கிப்போகும். முகவாதம்னு சொல்லுவாங்க."

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. பின்னாளில் அவள் பார்த்த மருத்துவர்களும் இதையேதான் சொன்னார்கள். இதற்கு அப்புறம்தான் பாதை பிரிந்தது.

"குளிர்காத்து பட்டுச்சா? பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்தியா?"

"நேத்து உக்காந்தேன் மாமா."

"காதுக்குப் பின்னால வலி?"

"ரெண்டு நாளா லேசா."

"அழறப்ப யாராவது ஆறுதல் சொன்னா பிடிக்குமா, எரிச்சல் வருமா?"

இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எரிச்சல் வரும்" என்றாள்.

"கோபம் வந்தா காட்டுவியா, உள்ளயே வச்சுக்குவியா?"

"உள்ளயே வச்சுக்குவேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியிலிருந்து, காஸ்டிகம் என்று சீட்டு ஒட்டிய புட்டியை எடுத்தார். மூடியில் நாலைந்து உருண்டைகளைத் தட்டி, கைபடாமல் அவள் நாக்கில் கவிழ்த்தார். சர்க்கரையின் வெறும் இனிப்பு. காபி கூடாது என்றார். பற்பசையில் புதினா வாசனை கூடாது என்றார்.

"நம்ம பஸ் டிரைவர் இருக்காரே, அவருக்கும் இதேதான். இதே பக்கம். ஒரு மாசத்துல வாய் நேராச்சு. என் மருந்தைத் தவிர வேற எதையும் தொடலை மனுஷன்." பிறகு குரலைத் தாழ்த்தி, மருமகளிடம் பேசுவதுபோல் அல்லாமல் சக வைத்தியரிடம் பேசுவதுபோல் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. எதையும் ஒளிக்காம சொல்லு. இந்த வைத்தியத்துல நோயாளி வாய்தான் எனக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம். அசையலைன்னா அசையலைன்னு சொல்லு. ரெண்டு நாள் பாப்போம். தெளிவு தெரியலைன்னா நானே உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். எனக்கு அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல."

அவர் உண்மையாகவே சொன்னார். பின்னாளில் அவளை அதிகம் வாட்டியது அதுதான்.

மறுநாள் காலை முன்னறை நிறைந்திருந்தது. அவள் வேலைக்குக் கிளம்பிக் கைப்பையோடு அந்த வழியாகத்தான் போக வேண்டும். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், பார்க்காததுபோலவும் பார்த்தார்கள். டாக்டர் வீட்டிலேயே இப்படியா என்ற கேள்வி காற்றில் நின்றது.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் டாக்டர்.

அவள் வாயைத் திறந்தாள். சற்று முன் சமையலறையில் குடித்த தேநீர் வலது கடைவாயில் வழிந்து ரவிக்கையை நனைத்திருந்ததை முந்தானை மறைத்திருந்தது. கண் இரவு முழுவதும் திறந்தே கிடந்து எரிந்தது. சொல்வதற்கு எல்லாமும் இருந்தது. மூட்டுவலிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு ஜெபத்தின் அடுத்த வரிக்காகக் காத்திருப்பவரைப்போல.

"முன்னைக்குப் பரவாயில்லை மாமா."

பெஞ்சு முழுவதும் மூச்சை விட்டது. "டாக்டர் கைராசி அப்படி" என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் எழுந்து நின்றேவிட்டார். "பாத்தியா! ஒரே நாள். இனி மருந்தைத் தொடவே கூடாது. குறைய ஆரம்பிச்சிடுச்சுன்னா குறுக்க போகக்கூடாது. அதுபாட்டுக்கு வேலை செய்யும்."

ஆக, ஒரு வார்த்தையில் இரண்டு காரியங்கள் முடிந்தன. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்ற வாக்கு தேவையில்லாமல் போயிற்று. சர்க்கரை உருண்டைகளும் நின்றன. அதன்பிறகு அவளுக்கு எந்த வைத்தியமும் நடக்கவில்லை. வைத்தியம் நன்றாக நடந்துகொண்டிருப்பதாக எல்லோரும் நம்பினார்கள், அல்லது நம்புவதாக நடந்துகொண்டார்கள்.

சாப்பாடு வலது கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் போய் அடைந்துகொண்டது. விரலை விட்டு எடுக்க வேண்டியிருந்தது. எனவே எல்லோரும் எழுந்தபிறகு தனியாகச் சாப்பிட்டாள். வலது காதில் பாத்திரச் சத்தம் பட்டாசாக வெடித்தது. பட்டைக்காரர் தன்னுடைய கம்பி வளையத்தைக் கொண்டுவந்து லென்ஸைக் கோத்து அவள் தலையில் மாட்டிவிட்டார். "எங்க கட்சிக்கு வந்து சேந்துட்ட. சந்தா எல்லாம் கிடையாது" என்றார். லென்ஸ் நின்றது. ஆனால் அதற்குப் பின்னாலிருந்த கண், சிமிட்ட முடியாத கண், கொஞ்ச நேரத்தில் வறண்டு மங்கியது. கடிகாரத்தின் உட்சக்கரங்கள் பனிக்குள் சுழல்வதுபோல் தெரிந்தன. கைக்குட்டையால் ஒற்றினாள். மறுபடி பார்த்தாள். திருகின் தலையில் இருந்த கோடு இரண்டாகத் தெரிந்தது. அன்றைக்கு முதலாளி அவள் மேசைக்கு வந்த நுணுக்க வேலைகளை எடுத்து வேறு மேசையில் வைத்தார். பேட்டரி மாற்றும் வேலையை மட்டும் அவளுக்கு விட்டார்.

கண் சிவந்ததும் டாக்டர் கவனித்தார். "உறுத்துதா? நல்லதுதான். மருந்து உள்ள போய்க் கிளறிவிடுது. நோய் போறதுக்கு முன்னால கொஞ்சம் ஆட்டம் காட்டும். மத்தபடி எப்படி இருக்கு?"

"பரவாயில்லை மாமா."

ஒரு விடுமுறை நாள் காலையில், சமையலறையில், மாமியார் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கண்ணு மேல வச்சுக்கோ. மூடி வச்சுக்கோ."

"மூட மாட்டேங்குது அத்தை."

"கையால இழுத்து மூடு." சற்று நேரம் பாத்திரத்தைத் துடைத்தாள். துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள். "அவர்கிட்ட சொல்லேன்."

"நீங்க சொல்லுங்களேன் அத்தை."

மாமியார் வாசல் பக்கம் திரும்பினாள். முன்னறைக்குப் போகும் வழியில் தையல் மிஷின் இருந்தது. இருவர் பார்வையும் அதன் இழுப்பறையில் போய் நின்றது. "நான் எந்த வாயால சொல்றது" என்றாள் மாமியார்.

அந்த வாரத்தில்தான் பஸ் டிரைவர் கடைக்கு வந்தார். பட்டை அறுந்த கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, பின்னறையை எட்டிப் பார்த்தவர் அவளைக் கண்டுகொண்டார். அவளுக்கும் அவரைத் தெரியும். முன்னறையில் டாக்டர் சாட்சிக்கு அழைக்கும் மனிதர் அவர். முகவாதம் என்று யார் வந்தாலும், "டிரைவரைக் கேட்டுப் பாருங்க" என்பார் டாக்டர். பருமனான ஆள். வாய் நேராக இருந்தது. சிரித்தபோது இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சிரித்தது. அதை அவள் பட்டினி கிடப்பவள் சோற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அடடா, உனக்கும் வந்துடுச்சாமே. டாக்டர் சொன்னாரு. எனக்கும் வலது பக்கம்தான். கண்டக்டர் பய என்னைப் பாத்து, 'அண்ணே, பாதி டிக்கெட்டுக்குத்தான் சிரிக்கிறீங்க'ன்னான்." அவரே சிரித்துக்கொண்டார். "ஆமா, மாத்திரை கோர்ஸ் முடிச்சிட்டியா?"

"எந்த மாத்திரை?"

"ஆஸ்பத்திரி மாத்திரைம்மா. ஸ்டீராய்டு. முதல் மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லாக் கேக்கும்னாங்களே. நான் அன்னிக்கே போயிட்டேன்ல. கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தாங்க. தூங்கறப்ப இமையை இழுத்து ஒட்டிக்கப் பிளாஸ்திரி கொடுத்தாங்க." அவள் முகத்தைப் பார்த்தவர் பேச்சை நிறுத்தினார். "நீ... போகலையா?"

அவள் கையிலிருந்த சின்ன இடுக்கியைக் கீழே வைத்தாள். "மாமா மருந்தைத் தவிர வேற எதையும் நீங்க தொடலைன்னு சொன்னாரு."

"அது நான் சொன்னது." டிரைவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "அவர் மருந்தும் சாப்பிட்டேன். எப்படி இருக்குன்னு கேட்டாரு. பரவாயில்லைன்னேன். வேற ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு. ஏம்மா, அந்த முகத்தைப் பாத்து ஆமான்னு சொல்ல முடியுமா? நீயே சொல்லு. நீ சொல்லுவியா?"

அவள் மடியிலிருந்த வெள்ளைத் துணியைச் சுருட்டினாள்.

"நீ அந்த வீட்டு ஆளு. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்றார் டிரைவர். "அந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன்."

பட்டைக்காரர் இம்முறை கேட்காமலே வண்டியை எடுத்தார்.

கண் மருத்துவர் நடுவயதுப் பெண். நாள் முழுவதும் பேசிக் களைத்த குரல். அவள் கண்ணில் மஞ்சள் சாயத்தை ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தை அடித்துக் கருவி வழியாகப் பார்த்தார். கருவியின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதிது. பெரிதாக்கிப் பார்க்கும் கண்ணுக்கு எதிரே, மூடி திறந்து கிடக்கும் சின்னக் கடிகாரமாக இருந்தாள்.

"கருவிழியில புண். நடுவுல. கண்ணை மூடாமலேயே விட்டிருக்கீங்க. யாருகிட்டயும் காட்டலையா?"

"வீட்ல ஒரு டாக்டர்..."

"எந்த டாக்டர்?" என்று கேட்டவர், அவள் குனிந்துகொண்டதைப் பார்த்துவிட்டு அதைத் தொடரவில்லை. "புண் ஆறும், மருந்தை ஒழுங்காப் போட்டா. ஆனா தழும்பு விழும். பார்வையில எவ்வளவு திரும்பும்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. என்ன வேலை பாக்கறீங்க?"

"வாட்ச் ரிப்பேர்."

மருத்துவர் கருவியிலிருந்து தலையை எடுத்து நேராக அவளைப் பார்த்தார். "எந்தக் கண்ணால?"

"இதாலதான். இன்னொண்ணு சின்ன வயசுலேர்ந்தே மங்கல்."

மருத்துவர் நீல வெளிச்சத்தை அணைத்தார்.

"முகம் சரியாகாதா டாக்டர்?"

"நிறைய பேருக்குத் தானாவே சரியாகும்மா, மாத்திரை இல்லாமகூட. மெதுவாத் திரும்பும். ஆரம்பத்துலயே மாத்திரை எடுத்திருந்தா முழுசாத் திரும்ப வாய்ப்பு கூடியிருக்கும். இப்போ அதுக்கு நேரம் தாண்டிடுச்சு. ஆனா முகம் காத்திருக்கும். கண்ணு காத்திருக்காது."

சொட்டு மருந்தும் களிம்பும் எழுதிக் கொடுத்தார். இமையை இழுத்து மூடி, மேலே பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார். நரம்புக்கான மருத்துவரையும் பார்க்கச் சொன்னார்.

தெருமுனையில் பட்டைக்காரர் இறக்கிவிட்டுப் போனார். வீடு தெரிந்தது. முன்னறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாலை நோயாளிகளின் செருப்புகள் படியில் வரிசையாகக் கிடந்தன. அவள் நின்றாள். பிறகு, யாரும் சொல்லாமலே, யாரும் பார்க்காமலே, பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து உரித்தெடுத்தாள். அதைத் தலைவலி மாத்திரை அட்டையின் முதுகில் லேசாக ஒட்டி, கைப்பையின் உள்ஜிப்பில் வைத்து மூடினாள். முன்னறை வழியாகப் போனாள். டாக்டர் கேட்டார். அவள் சொன்னாள்.

கணவனிடம் மட்டும் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அழுதான் என்றுகூடச் சொல்லலாம். பிறகு சொன்னான்: "இப்போதைக்கு அப்பாகிட்ட சொல்லவேணாம். சொட்டு மருந்தை வேலை செய்யற இடத்துல போட்டுக்க. இங்க வேணும்னா நம்ம ரூம்ல போட்டுக்கலாம். எப்படியும் ஆறிடும்னுதானே சொல்லியிருக்காங்க?"

"தழும்பு விழும்னாங்க."

"அதைச் சொன்னா அவரால தாங்க முடியாது."

"என்னால தாங்க முடியுமான்னு கேக்க மாட்டீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கேட்கத் தோன்றவில்லை என்பது அவன் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. ஒழுங்கான, இருபக்கமும் அசைகிற முகம்.

மறுநாள் காலை அவள் கிளம்பி வரும்போது பெஞ்சில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். இருபது வயதைத் தாண்டியவள். துணிக்கடைச் சீருடை போட்டிருந்தாள். துப்பட்டாவால் வாயை மூடிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் அண்ணன்காரன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெஞ்சின் கோடியில் பஸ் டிரைவர், முழங்கால் வலிக்கு வந்தவர், மருமகளைக் கண்டதும் தரையைப் பார்க்கத் தொடங்கினார்.

டாக்டர் அந்தப் பெண்ணைப் புருவம் தூக்கச் சொல்லி, கை நீட்டச் சொல்லிப் பார்த்து முடித்திருந்தார்.

"காலைல பல்லு தேய்க்கறப்ப தண்ணி வழிஞ்சுதாம் சார்" என்றான் அண்ணன். "கடைக்குப் போனா எல்லாரும் இவளையே பாக்கறாங்கன்னு பாதியிலேயே அழுதுட்டு வந்துட்டா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் சொன்னேன். பக்கத்து வீட்டம்மா, முதல்ல உங்ககிட்ட காட்டுன்னாங்க."

"நல்ல வேளை" என்றார் டாக்டர். அலமாரிப் பக்கம் கையை நீட்டியவர், வாசலுக்கு வந்துவிட்ட மருமகளைக் கண்டார். அவர் முகம் மலர்ந்தது. "இதோ, கேட்டுக்கங்க. என் மருமக. உங்க தங்கச்சிக்கு இருக்கறதேதான் இவளுக்கும். அம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போ."

அவள் மேசையருகே வந்து நின்றாள். துணிக்கடைப் பெண் துப்பட்டாவைக் கொஞ்சம் தாழ்த்தினாள். அவளுக்கு இடது பக்கம். இருவரும் எதிரெதிரே நின்றபோது, ஒரே முகத்தை நடுவில் வெட்டிப் பிரித்து வைத்ததுபோல் இருந்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் இன்னும் சிவப்பு ஏறவில்லை. நீர் மட்டும் கோத்துக்கொண்டிருந்தது. தெளிவான கருவிழி.

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தான். மேசையின் ஓரத்தில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கைகள் மடிப்பின் பாதியில் நின்றன.

"எப்படி இருக்கும்மா?" என்றார் டாக்டர்.

மூட்டுவலிக்காரர் காத்திருந்தார். பெஞ்சு காத்திருந்தது. எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது.

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ஜிப்பை இழுத்து, பிளாஸ்திரியை எடுத்தாள். வலது இமையை விரலால் இழுத்து மூடி, எல்லோருக்கும் முன்னால், அவசரமில்லாமல், அதை ஒட்டிக்கொண்டாள். ஓரங்களை அழுத்திவிட்டாள்.

"குறையலை மாமா."

டாக்டர் புன்னகையை இன்னும் எடுக்கவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். "கிளறிவிடுறப்ப அப்படித்தாம்மா..."

"கிளறலை மாமா. கண்ணுல புண்ணு. தழும்பு விழும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க." அவள் துணிக்கடைப் பெண் பக்கம் திரும்பினாள். உதடு ஒத்துழைக்காததால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தள்ள வேண்டியிருந்தது. "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இங்கேருந்து நேரா. கண்ணு மூட மாட்டேங்குதுன்னு மறக்காம சொல்லுங்க."

அண்ணன்காரன் டாக்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். தங்கையின் கையைப் பிடித்து எழுப்பினான். படியில் செருப்புத் தேடும் சத்தம் கேட்டது. டிரைவர் தரையைப் பார்த்தபடியே இருந்தார்.

டாக்டர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கோபப்படவில்லை. உடைந்தும் போகவில்லை, அல்லது அது அப்போது வெளியே தெரியவில்லை. பெஞ்சில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மூட்டுவலிக்காரரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், கடைசியில் மனைவியின் கையில் நின்றுபோன பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு, எந்த நோயாளியிடமும் கேட்பதைப்போல, அவருக்குத் தெரிந்த அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"எப்போலேர்ந்தும்மா?"

"முதல் நாள்லேர்ந்தே, மாமா."